ஒரே கோட்டுக்குள் இரண்டு எலும்பு

என் மனைவிக்கு வலது முழங்கால் வீங்கி, தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தோம். பெங்களூரில் இருக்கிற மகனுக்கு வேலையே இந்தப் படங்களோடுதான். படத்தில் எலும்பைச் சுற்றிக் கம்ப்யூட்டரே கோடு போடுமாம். ஊருக்கு வந்தவன் ஸ்கேன் சிடியை நகல் எடுத்துப் போனான். எலும்பு டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்தது. அவளுக்கு ஒரே கவலை, இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்க முடியுமா என்பது. கல்யாணம் ஆனதிலிருந்து ஊர்க்காரர்களோடு கொடி பிடித்து நடப்பவள்.

மகன் அனுப்பிய படம் என் போனுக்கு வந்தது. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு இரண்டையும் சேர்த்து ஒரே பச்சைக் கோடு. நடுவில் பிரிவே இல்லை. இரண்டும் ஒட்டிப் போச்சு என்று நினைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. விடிந்ததும் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிப் போய், வெள்ளித் தகட்டில் கால் உரு ஒன்று வாங்கி மாதாவுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வந்தேன்.

"சொல்லாம கொள்ளாம எங்கங்க போனீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். படத்தைக் காட்டினேன். உடனே மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அம்மா, அது தப்பா வந்த படம். கீழயே எழுதியிருந்தேனே!"

"உங்கப்பா படம் பார்க்குற ஆளுடா. எழுத்தெல்லாம் யாரு படிக்கிறா?"

அவன் விளக்கினான். படத்தில் ஒவ்வொரு எலும்புக்குள்ளும் கோட்டால் ஒரு சின்ன வளையம் வைப்பார்களாம். அது ஊதிக்கொண்டே போய் எலும்பின் ஓரத்தில் நிற்குமாம். அம்மாவுக்குத் தேய்ந்த இடத்தில் எலும்புகள் நெருங்கிவிட்டதால் இரண்டு வளையமும் கலந்து ஒன்றாகிவிட்டதாம். "இப்ப சரி பண்ணிட்டேன்பா. வளையம் எவ்வளவு நெளிஞ்சாலும் ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாது, உடையக்கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சாச்சு." புதுப் படமும் அனுப்பினான். தெளிவாக இரண்டு கோடு.

"நெசமாவே ஒட்டியிருந்தா?" என்றேன்.

"அப்பவும் ரெண்டுன்னுதான்பா காட்டும்."

"அப்ப நீ சொன்னதத்தானே அது திருப்பிச் சொல்லுது?"

"எத்தனைங்கிறதத்தான் நாம சொல்றோம். ஓரம் எங்கன்னு அதுதான் கண்டுபிடிக்கும்."

தலையாட்டினேன். போனில் அது அவனுக்குத் தெரியவா போகிறது. புரிந்ததா என்றால் இல்லை.

டாக்டர் சிடியைப் போட்டுப் பார்த்தார். "ஒட்டவெல்லாம் இல்லம்மா, தேய்மானம்தான். கொஞ்ச தூரம் நடங்க, முழுசா வேண்டாம்." அவள் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் போனோம். அங்கிருந்து என் தோளைப் பிடித்தபடி நடந்தாள்.

எனக்குத்தான் இன்னும் குழப்பம். முதல் படத்தில் ஒன்று. காணிக்கை போட்டேன். அடுத்த படத்தில் இரண்டு. மகன் கோட்டைத்தான் பிரித்தேன் என்கிறான். டாக்டர் பார்த்ததுகூடக் காணிக்கைக்கு அப்புறம்தானே? பிரித்தது மகனா, மாதாவா என்று நடக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"பேசாம ஜெபமாலையைச் சொல்லுங்க," என்றாள். சொன்னேன்.