டிவி இல்லாத வீட்டுக்கு வந்த டிவி கேம்

ஆட்டம் என்றால் இந்த வயதிலும் எனக்குக் கை குறுகுறுக்கும். வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் கைப்பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி வைத்திருப்பேன். மேலிருந்து செங்கல் செங்கலாக இறங்கும். இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் நாலு சுவர் கட்டி இடித்துவிடுவேன். எதிரே உட்காரும் மீன்கூடைக்கார அம்மா ஒருத்தி என் கையை எட்டி எட்டிப் பார்த்து, "அத்த திருப்பிப் போடும்மா, திருப்பிப் போட்டா குந்திக்கும்" என்று யோசனை சொல்லிக்கொண்டே வருவாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பிறகு செல்போன் வந்தது, அதற்குள் பாம்பு வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பாம்பு வளர்ந்த நீளத்துக்கு அதற்கப்புறம் வளர்ந்ததே இல்லை. இப்போது மகன் வாங்கி வைத்திருக்கும் பெரிய திரையில் கார் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பதைவிட, சுவர் பார்த்து மோதுகிறேன் என்று சொல்வது பொருத்தம்.

"இத்தனை கேம் ஆடியிருக்கியே, உனக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?" என்று மகன் ஒருநாள் கேட்டான். இரண்டு கோடும் ஒரு புள்ளியும் என்றேன். அவன் கூகுளில் தேடிப் பார்த்து, "இதுவா? இதுல என்ன இருக்கு?" என்றான். என்ன இருந்தது என்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் தாத்தா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். தெருப்பக்கத்துப் பாதியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். பின்பக்கத்துப் பாதியில் நைனா, அம்மா, நான், தம்பி, அத்தை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை. பெரியப்பாவுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில். இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள். ஒரே சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பி, வேண்டாத பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார்.

சண்டைக்குக் காரணம் அத்தை. நைனாவின் ஒரே தங்கை. அவளை எண்ணூரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்த்து வந்தது பெரியப்பா. "தங்கமான பையன், நான் கேரண்டி" என்று சொன்னதும் பெரியப்பா. கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம் அத்தை பஸ் பிடித்து, மாற்றுப் புடவைகூட இல்லாமல் வந்து நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெரியப்பா அவளைத் திரும்பிப் போகச் சொன்னார். "புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும், அனுசரிச்சிப் போம்மா" என்றார். நைனா அத்தையின் கையைப் பிடித்து எங்கள் பாதிக்குள் அழைத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. இரண்டு ஈஸ்டர் வந்து போயிற்று.

இதெல்லாம் பிற்பாடு துண்டு துண்டாக எனக்குத் தெரிந்தவை. அப்போது எனக்குப் பத்து வயது. அத்தை என்றால் விடிகாலைப் பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய் வருகிறவள், மற்ற நேரமெல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிறவள், ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவள். எனக்கு அவள் ஒரு வயதான பெண்மணி. உண்மையில் அத்தைக்கு அப்போது இருபத்து நாலு வயது.

சண்டைக்கு நடுவில் பெரியப்பா டிவி வாங்கிவிட்டார். மரப்பெட்டிக்குள் இருக்கும், இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற கதவு உண்டு. மெட்ராசில் டிவி வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம் போட்டால் எங்கள் தெரு முழுக்கப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இருக்கும். நாங்கள் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, யார் அழுகிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருப்போம். "அந்த வாசப்படிய மிதிச்சீங்கன்னா கால ஒடைச்சிருவேன்" என்று நைனா சொல்லியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார்; வந்தால் வீடே சென்ட் வாசனை அடிக்கும். அந்த முறை அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, நைனாவுக்கு ஷேவிங் செட், எங்களுக்கென்று ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிமேல் ஒரு டிவியும் அதன்முன் சிரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் குடும்பமும். உள்ளே கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒயரில் தொங்கும் இரண்டு திருகு குமிழ்கள்.

"இது டிவி கேமு. டிவில மாட்டி ஆடணும்" என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "டிவியே இல்லாத வூட்டுக்கு இன்னாத்துக்குடா இது?"

"சிங்கப்பூர்ல எல்லா வூட்லயும் டிவி கீதுக்கா. இங்கயும் வந்திருக்கும்னு நெனச்சேன்."

"வந்துகீது. செவுத்துக்கு அந்தாண்ட வந்துகீது."

பெட்டி மாதா படத்துக்குப் பக்கத்தில் அலமாரிமேல் ஏறியது. நானும் தம்பியும் அதைக் கீழே இறக்கி, திருகுகளைத் திருகிப் பார்த்து, வெள்ளைக்காரக் குழந்தைகளைப் பொறாமையோடு பார்த்து, மறுபடி மேலே வைப்போம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமா எங்களைக் கவனித்தார். பிறகு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த நைனாவின் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், பசங்கள இட்டுனு உங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். திட்றதுன்னா என்னத் திட்டு. நான் சனிக்கெழம கப்பல் ஏறிடுவேன்."

நைனா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முகம் தெரியவில்லை. மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த பெரியப்பா எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். அவருடைய இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று இரண்டு முறை சொன்னார். பெரியம்மா என் தலையைத் தடவிவிட்டு, எதற்கோ சமையலறைக்குள் ஓடினாள்.

மாமா டிவியின் முதுகில் ஆன்டெனா ஒயரைக் கழற்றி, கேம் ஒயரை முடுக்கினார். பெரியப்பா முன்னால் நின்று சேனல் திருகைத் திருப்பினார். திரை முழுக்க வெள்ளை மழை. "இன்னும் திருப்புண்ணே… போச்சு… பின்னால வா… ஆங், நிறுத்து!" என்று மாமா எட்டிப் பார்த்துச் சொன்னார். கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவே ஒரு புள்ளி தானாக நகர்ந்து வந்தது. தம்பி திருகைத் திருகினான், கோடு நகர்ந்தது. புள்ளி கோட்டில் பட்டு, டொக் என்று சத்தம் போட்டுத் திரும்பியது. எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். டிவி என்றால் அது காட்டுவதை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் அதுவரை தெரியும். நாம் சொன்னபடி டிவி கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது பெரியப்பா குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அத்தை எப்படிக் கீது?"

"அத்தை பேசாது பெரிப்பா" என்றேன். அவர் டிவியின் மரக்கதவை இழுத்துச் சாத்தினார். அது சரியாகச் சாத்தியிருந்தும் மறுபடி திறந்து மறுபடி சாத்தினார்.

கேம் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும் எங்களால் அடங்க முடியவில்லை. தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, பள்ளிக்கூட ஸ்கேல் இரண்டும் ஒரு கோலியுமாக ஆடினோம். டொக் சத்தத்தை வாயால் போட்டோம். தம்பி சாப்பிட எழுந்து போனதும் அவனுடைய ஸ்கேலை யாரோ எடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அத்தை.

"இன்னா ஆட்டம் இது?"

அத்தை கேள்வி கேட்டே நான் பார்த்ததில்லை. விளக்கிச் சொன்னேன். கோலியை உருட்டினேன். அவள் தட்டிவிட்டாள். மறுபடி உருட்டினேன். எந்தப் பக்கம் உருட்டினாலும் ஸ்கேல் அங்கே முன்கூட்டியே போய் நின்றது.

"டிவில யார் யார் ஆடுனீங்க?"

"நானு, தம்பி, மாமா, பெரிப்பா."

"பெரிண்ணா ஆடிச்சா?" என்றாள். பெரியப்பாவை அவள் பெரிண்ணா என்று அழைப்பாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கோலியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நானும் ஒரு தபா ஆடட்டா?" என்றாள்.

அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். நைனா வீட்டில் இல்லை. எதிர்ச்சந்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். "போய்ட்டு வாயேன். இதோ இங்க கீற வூடு, இன்னா இப்போ?" என்றாள் அம்மா. அத்தை முகம் கழுவிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் முற்றத்தைத் தாண்டினாள். பிடி வலித்தது. மாமாவும் தம்பியும் பின்னாலேயே வந்தார்கள்.

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். மாமாதான், "உக்காருங்க, உக்காருங்க, அண்ணனும் தங்கச்சியும் ஒரு ஆட்டம் போடுங்க" என்று ஆளுக்கொரு திருகைக் கையில் கொடுத்தார். இருவரும் பாயில் ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அத்தை திருகை இடது கையில் மாற்றிக்கொண்டாள். அவளுடைய வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. பெரியப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி வந்தது, போனது. வந்தது, போனது. அவருடைய கோடு அசையவே இல்லை. வரிசையாகக் கோட்டைவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பெரிண்ணா" என்றாள் அத்தை. "டிவியப் பாரு."

பெரியப்பா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஆட்டம் ஆட்டமாயிற்று. டொக், டொக், டொக். அவர் அனுப்பினார், அவள் அனுப்பினாள். ஆனால் எங்களைப்போல மூலைக்கு அடித்து ஏமாற்றவில்லை. எதிராளியின் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே பார்த்து அனுப்பினார்கள். புள்ளி விழவே இல்லை. தம்பியும் நானும், "மூலைக்கு அடி பெரிப்பா! அத்தை, அடி!" என்று கத்தினோம். அத்தை சிரித்துவிட்டாள். மேல்வரிசைப் பல் ஒன்று சற்றே கோணல் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. நைனா. எங்களைத் தேடி வந்தவர் படிக்கு வெளியே நின்றார். அவருடைய காலடிச் சத்தம் கேட்டிருக்கும். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை, திருப்புவதையும் நிறுத்தவில்லை. அத்தை மறுபடி சிரித்த சத்தம் கேட்டதும் நைனா செருப்பைக் கழற்றினார். பெரியம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். உட்கார்ந்தார். நான் என் காலைப் பாவாடைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டேன். அவரோ திரையைப் பார்த்தபடியே, "இப்ப யாரு முன்னால கீறது?" என்று பொதுவாகக் கேட்டார். "யாரும் இல்ல" என்றார் பெரியப்பா. இரண்டு ஈஸ்டருக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கோடுகள் மங்கின. டொக் சத்தம் கம்மிப்போயிற்று. பேட்டரி தீர்ந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே திரை மழையாகிப்போயிற்று. மூலைக்கு அடித்தால்தான் ஜெயிக்கலாம் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிகிற விஷயம்கூட இவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமா சனிக்கிழமை கப்பல் ஏறினார். மறுநாள் பூசை முடிந்ததும் நைனாவும் பெரியப்பாவும் சட்டை மாற்றிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பினார்கள். முகத்தைப் பார்த்தால் ஏதோ முக்கியமான வேலை என்று தெரிந்தது. பேட்டரி வாங்கத்தான் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். சந்து முனையில் கால் கடுக்கக் காத்திருந்தோம். இத்தனை நேரமா என்று தம்பி கேட்டதற்கு, நல்ல பேட்டரி பர்மா பஜாரில்தான் கிடைக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு மூன்றுசக்கர வண்டி சந்துக்குள் திரும்பியது. இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பெரியப்பாவின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது. நைனாவின் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. இரண்டு பேரும் என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தார்கள். வண்டியில் அத்தையின் டிரங்குப் பெட்டி. பக்கத்தில், அவள் கல்யாணத்துக்கு நைனா வாங்கிக் கொடுத்திருந்த தையல் மிஷின். எண்ணூரில் விட்டுவிட்டு வந்த அது அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அத்தை வெளியே ஓடிவந்தாள். மிஷினைத் தொட்டாள், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள், அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மாவும் பெரியம்மாவும் அழுதார்கள்.

நானும் தேம்பித் தேம்பி அழுதேன். வண்டி முழுக்கத் தேடியும் பேட்டரி இல்லை.