கூடைப்பந்துக்கு ஒரு அருச்சனை

கோப்பாயில் எங்கள் வீட்டில் ஒருவரும் கூடைப்பந்தைக் கையால் தொட்டது கிடையாது. அப்பா வெங்காயத் தோட்டக்காரர். அம்மா பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டப்போட்டியில் ஒரு சவர்க்காரப் பெட்டி வென்றதோடு விளையாட்டுக்கு முழுக்குப் போட்டவர். நானோ வலைப்பந்து அணியில் யாராவது காய்ச்சலில் படுத்தால் மட்டும் கூப்பிடப்படுபவள். இப்படிப்பட்ட வீட்டில் மூன்று வருடம், சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி வரைக்கும், கூடைப்பந்தால் கொண்டாட்டமும் செத்தவீடும் மாறி மாறி நடந்தன. எல்லாம் கனடாவில் இருந்த மாமாவால் வந்த வினை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நான் தவழ்ந்து திரிந்த காலத்தில் நாட்டை விட்டுப் போனவர். எனக்குத் தெரிந்த மாமா போனில் வைபர் வீடியோவில் வரும் ஒரு நெற்றியும் அரை மூக்கும்தான். போனை நேராகப் பிடிக்க அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் நான் சொல்லும் கதையை முடியும்வரை கேட்கிற ஒரே ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம் என்பது முதல் எங்கள் ஆடு எத்தனை குட்டி போட்டது என்பது வரை அவருக்குத் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளின் மாமாமார் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிறீம் கடைக்குப் போவார்கள். எனக்கும் என் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"எப்ப வாறியள் மாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அடுத்த வருசம் என்பார், லீவில்லை என்பார், குளிர் முடியட்டும் என்பார். ஒருநாள் என் தொல்லை தாங்காமல் சொன்னார்:

"இஞ்சை எங்கடை ஊர் ரீம் கப் எடுக்கட்டும் பிள்ளை. அண்டைக்கு வெளிக்கிடுறன். சந்நிதி முருகனுக்குக் காவடியும் எடுப்பன், சரியோ?"

எங்கள் ஊர் என்று அவர் சொன்னது அவர் இருந்த கனடா நகரத்தை. அந்த நகரத்துக் கூடைப்பந்து அணிமேல் அவருக்கு அப்படியொரு விசர்.

அந்த அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரி முழுக்க நடக்கும் சாதாரண ஆட்டங்களில் எல்லோரையும் போட்டு மிதிப்பார்கள். மாமா நிலத்தில் நிற்கமாட்டார். பிறகு பிளே ஓவ் என்று ஒன்று தொடங்கும். ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம்வரை மோதி, நாலு தோற்றவர்கள் வீட்டுக்குப் போகும் சுற்று. அங்கே வந்ததும் கைகால் விளங்காமல் போய்விடும். இது புதிய பழக்கமும் இல்லை. நான் கணக்கில் எடுப்பதற்கு முன்பே பல வருடமாக அப்படித்தான் என்று மாமாவே பெருமைபோலச் சொல்வார்.

அங்கே மாலையில் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி. மாமா வெதுப்பகத்தில் காலை வேலை செய்பவர். பின்னேரம் நிலக்கீழ் அறையில் கோப்பாய்ப் பெடியள் நாலு பேரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திவிடுவார். போனைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடிப்பார். எங்கள் போனில் எறும்பளவு மனிதர்கள் அங்குமிங்கும் ஓடுவார்கள். வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. இவர்கள் பந்தோடு பறந்தார்கள். இரண்டு பக்கமும் கள்ள விளையாட்டு என்று முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிற வழியில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"உவங்கள் எங்கடை சொந்தமே? தோத்தா உனக்கென்ன, வெண்டா உனக்கென்ன? கண்டறியாத விளையாட்டு," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போவார்.

முதல் வருடம் கடைசி விநாடியில் தோற்றார்கள். "நாசமாப் போவாங்கள்! இனிமேல் உவங்கடை முகத்திலை முழிக்கமாட்டன்!" என்று மாமா கத்தினார். நானும் சேர்ந்து அழுதேன். ஐப்பசியில் புதிய பருவம் தொடங்கியதும், "இந்தமுறை வேறை மாதிரிப் பிள்ளை, நீ பாரன்," என்று வந்து நின்றார். வெட்கம் கெட்ட மனிதர்.

இரண்டாம் வருடம் அதைவிட மோசம். தொடர்ந்து நாலு ஆட்டம், நாலும் தோல்வி. அதன்பிறகு மூன்று நாள் மாமாவின் போன் வேலை செய்யவில்லை. அம்மா சோறு தின்னவில்லை. கனடாவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எடுத்து எடுத்து விசாரித்தார். அம்மாவுக்கும் கூடைப்பந்தில் இவ்வளவு பற்று இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். மூன்றாம் நாள் மாமா எடுத்தபோது அம்மா, "உன்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களெண்டெல்லோ நினைச்சன், மூதேவி!" என்று ஏசிவிட்டு விம்மி விம்மி அழுதார்.

வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை. மாமாவிடம் அங்கே இருப்பதற்கு அனுமதித் தாள் இல்லை. அகதி என்று கேட்ட வழக்கை ஒருமுறை தள்ளிவிட்டார்கள். அவர் திரும்பவும் கேட்டிருந்தார். நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பப் போக முடியாது. இங்கே வந்தாலோ விசாரணை, எந்தப் பயத்தில் ஓடினாரோ அதே பயம். எந்நாளும் எப்ப வாறியள் என்று கேட்கும் ஒரு சிறுமிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அதனால்தான், ஒருக்காலும் வெல்லாத ஓர் அணியைப் பார்த்து நேர்த்தி வைத்தார். மனிதர் நல்லாய் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த இரண்டாம் தோல்விக்குப் பிறகு மாமாவோடு நேரடியாகவே சண்டைக்குப் போனேன்.

"ஏன் மாமா தோக்கிற ஆக்களோடை நிக்கிறியள்? வெல்லுற ஆக்களின்ரை பக்கம் மாறுங்கோவன்!"

"அப்பிடி மாறேலாது பிள்ளை."

"ஏன் ஏலாது?"

போனை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். பிறகு, "ஆட்டம் நடக்கேக்கை ஊர்ச்சனம் முழுக்க றோட்டிலை நிண்டு கத்தும். நானும் போய்க் கத்துவன். அப்ப ஒருத்தரும் என்னை ஆரெண்டு கேக்கிறேல்லை. போனமுறை ஒரு வெள்ளைக்காரக் கிழவன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவன். அதை விட்டிட்டு எங்கை மாறுறது?" என்றார்.

கிழவன் அழுததற்கும் நான் கேட்டதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் வருடம் எனக்குப் பதினொரு வயது. இனிப் பெரியவர்களை நம்பி வேலையில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். தோல்விக்குக் காரணம் என்னவென்றும் கண்டுபிடித்துவிட்டேன்.

முக்கிய ஆட்டத்துக்கு முன்னால் மாமா சொல்வார், "அக்கா, பிள்ளையாருக்கு ஒரு அருச்சனை செய்துவிடு." அம்மாவும் ஓமென்று சம்மதித்து, தேங்காயும் வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்து, ஒரு துண்டுத் தாளில் பெயரும் நட்சத்திரமும் எழுதி என்னைக் கோயிலுக்கு அனுப்புவார். ஐயர் தாளைப் பார்த்து மந்திரத்துக்குள் பெயரைச் சேர்த்துச் சொல்வார். தாளில் எப்போதும் மாமாவின் பெயர், சதய நட்சத்திரம், கும்ப ராசி. அம்மாவின் கணக்கில் அது வழக்குக்கான அருச்சனை. வழக்குத் திகதிகளும் அந்த மாதங்களில்தான் வந்துகொண்டிருந்தன. என் கணக்கில் அது ஆட்டத்துக்கான அருச்சனை. பந்து போடுவது மாமாவா? இல்லை. பிறகு மாமாவின் பெயரில் செய்தால் பிள்ளையார் எப்படி அந்தப் பெடியளுக்கு உதவி செய்வார்? இரண்டு வருடத் தேங்காயும் பிழையான விலாசத்துக்குப் போயிருக்கிறது.

அந்த வருடம் அணி ஒவ்வொரு சுற்றாகக் கடந்து, இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டது. மாமாவுக்குக் குரல் அடைத்துப் போயிற்று. அப்பாகூட ஒருநாள் இறைப்பு மெசினைப் போட்டுவிட்டு வந்து பின்னால் நின்று பார்த்ததில், வெங்காயப் பாத்தி நிறைந்து தண்ணீர் ஒழுங்கைப் பாதைக்கு வந்தது. "சும்மாதான் நிண்டனான்," என்றார்.

கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் அம்மா வழக்கம்போலத் தட்டைத் தந்தார். "கவனமாச் சொல்லிச் செய்விச்சுக்கொண்டு வா. இந்தமுறை முக்கியம்," என்றார். முக்கியம் என்று எனக்கும் தெரியாதா என்ன? போகும் வழியில் தாளைச் சுருட்டி வேலிக்குள் எறிந்தேன்.

"பேர், நட்சத்திரம் சொல்லும் பிள்ளை," என்றார் ஐயர்.

அணியின் பெயரைச் சொன்னேன்.

"உது ஆர்?"

"கனடாவிலை இருக்கினம் ஐயா. பதினைஞ்சு பேர்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"அப்ப சுவாமி பேரிலை செய்துவிடுறன்."

"ஐயோ, வேண்டாம் ஐயா! அவையின்ரை பேரிலைதான் செய்யவேணும்!"

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். ஐயர் என்னை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளே போய், அந்த ஆங்கிலப் பெயரை ஒரு பழைய வம்சத்தின் பெயர்போல நீட்டி முழக்கி, "சககுடும்பானாம்" என்று அவர்களின் குடும்பங்களையும் சேர்த்து, பூவை அள்ளிப் போட்டார். எனக்குப் புல்லரித்தது.

மறுநாள் காலை அவர்கள் வென்றார்கள்.

போனில் ஒன்றும் தெரியவில்லை. நிலக்கீழ் அறைக் கூரையும், யாருடையதோ காலும், ஒரே கூச்சலும்தான். மாமா வெளியே ஓடினார். றோட்டு நிறைய சனம், வாகனங்களின் ஹோன் சத்தம். "வெண்டிட்டம் பிள்ளை! வெண்டிட்டம்!" என்று அந்த அடைத்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் முற்றத்தில் துள்ளிக் குதித்தேன். "அப்ப எப்ப வாறியள்? சந்நிதிக் கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கு!" என்று கேட்டேன். அந்தக் கூச்சலில் அவருக்குக் கேட்டதோ தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அம்மா குசினியில் போனைக் காதில் வைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார். அப்பா தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். என்ன என்று நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் அப்பாதான் சொன்னார்: "மாமா வரப்போறார்."

வழக்கைத் தள்ளி, திகதி குறித்து அனுப்புகிறார்கள் என்று சொல்லவில்லை. மாமா வரப்போகிறார் என்று மட்டும் சொன்னார். நான் வீட்டைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

அப்பா கொழும்புக்குப் போய் இரண்டு நாள் நின்று மாமாவைக் கூட்டிவந்தார். முச்சக்கர வண்டியிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் ஒற்றைப் பையோடு இறங்கினார். மற்றப் பிள்ளைகளின் மாமாமார் கொண்டுவரும் பெரிய பெட்டிகள் ஒன்றும் இல்லை. எனக்கு அதெல்லாம் தேவைப்படவுமில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: தாளை எறிந்தது, ஐயரோடு வாதாடியது, அணியின் பெயரில் அருச்சனை செய்தது.

"உங்கடை பேரை விட்டிட்டு அவையின்ரை பேரிலை செய்தனான் மாமா. அதாலைதான் வெண்டவை. நான்தான் உங்களைக் கூப்பிட்டனான்!"

அம்மா என்னைப் பார்த்தார். கை ஓங்கினார். அந்தக் கை அப்படியே நின்றது.

"பிள்ளைக்கு அடியாதை அக்கா," என்றார் மாமா. என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி. என்னாலை செய்ய ஏலாததைச் செய்துபோட்டாய்," என்றார். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் விடாமல் சொன்னேன். எங்கள் மாமா வந்துவிட்டார், இனிப் போகவும் மாட்டார், வரப்பண்ணியது நான்தான். இடைவேளையில் வகுப்பு ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உதை இப்பிடி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதை பிள்ளை," என்றார். அவருடைய தம்பியும் இப்படித்தான், லண்டனில் இருந்தார். பத்து வருடமாகியும் இன்னும் வரவில்லை. ரீச்சருக்கு என்மேல் பொறாமை என்றே நினைத்தேன்.