மேல்மலைக்கு ஏறி வந்த டொக்டர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

என்னோடு படித்தவன் சின்னையா. அவன் மகள் மாலா, இரத்தப் புற்றுநோயை ஆராயும் டொக்டர். ஆராய்ச்சிக்காக எல்லாரிடமும் இரத்தம் எடுக்க எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்கே வந்தாள். இரத்தம் எடுத்த இடமான பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பக வாசலில் சின்னையா நெஞ்சை நிமிர்த்தி நின்றான். என் மகள் சாந்தியோ கொழுந்து பறிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. இரத்தம் கொடுக்க வேண்டாம், மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போ என்று சாந்தியை அனுப்பிவிட்டேன்.

"சாந்தி தங்கச்சி எங்க மாமா?" என்று மாலா கேட்டாள்.

"மேல்மலையில. அங்கெல்லாம் நீங்க ஏற மாட்டீங்க டொக்டர்."

"நானும் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த புள்ளதானே மாமா!" என்று சிரித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் புகுந்து விறுவிறுவென ஏறினாள்.

அன்று எடுத்த இரத்தத்தில்தான் சாந்திக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆரம்பத்திலேயே கண்டதால் மருந்துக்குக் கட்டுப்பட்டது. இரத்தம் கொடுக்காதே என்று அவளை அனுப்பியது நான்தான் என்று மாலாவிடம் இன்னும் சொல்லவில்லை. சின்னையா மகளைப் பற்றிப் பேசினால் இப்போதும் வயிறு கொஞ்சம் எரிகிறது. ஆனால் எழுந்து போவதில்லை, முழுவதும் கேட்கிறேன்.

எழுதியது: சாந்தி மறுபடி கொழுந்துக் கூடை மாட்டிய நாள், மாசி பன்னிரண்டாம் திகதி.