கண்ணை மூடினேன், சிப்ஸ் வந்தது

கடைக்காரர்கள் சரக்கு வாங்க எங்கள் கம்பெனி ஒரு ஆப் செய்திருக்கிறது. அதை அவர்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை.

இன்று குற்றாலத்தில் சிப்ஸ் கடை செல்வி அக்கா. தப்பான பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தார்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாருக்கு தம்பி.”

எதைக் கேட்டாலும் நல்லாருக்கு.

பேச்சு நகராவிட்டால் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், மனம் அமைதியானால் எதிரில் இருப்பவர் பேசுவார் என்று போன வாரம்தான் ஆபீஸில் வகுப்பெடுத்தார்கள். மூடினேன்.

“ஏ தம்பி, மயக்கமா வருதா? காலையில ஒண்ணும் சாப்பிடலியா?”

கண் திறப்பதற்குள் என் ஒரு கையில் சோடா, மறு கையில் சூடான நேந்திரங்காய் சிப்ஸ். அட்டையை மடக்கி விசிறிவிட்டபடியே சொன்னார்:

“கொறை சொன்னா ஒன் வேலைக்கு எதும் வந்துருமோன்னுதான் நல்லாருக்குன்னேன். ஒரு எழவும் வெளங்கல, பாத்துக்க.”

பிறகு அரைமணி நேரம் எங்கள் ஆப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். இவ்வளவு நல்ல பேட்டி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

வகுப்பில் சொன்னது சரிதான் போல.

நாளைக்குச் செங்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடை. எத்தனை மணிக்குக் கண்ணை மூடினால் சரியாக இருக்கும், சொல்லுங்கள்.