கொண்டோலாவில் பன்னிரண்டு நிமிடம்

இங்கே நான் கம்பியில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலை உச்சியில், இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கென நடக்கும் உணவகத்தில் சமையல் உதவியாளன் நான். அடிவாரத்திலிருந்து அங்கே போக கொண்டோலாவை விட்டால் வேறு வழியில்லை. எட்டுப் பேர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. நிலையத்தில் முழுதாக நிற்காது, ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறிவிட வேண்டும். ஏறுகிறவர்கள் 'க்ரூயட்ஸி' என்று வணக்கம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடம் பேசாமல் வருவார்கள். எங்கள் ஊரான ஆம்பூர்ப் பக்கம் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், வீட்டில் ஏதாவது சாவா என்று கேட்டுவிடுவோம்.

மேலே போனதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், கீழே இறங்கும்போது ஊரில் இரவாகிவிடும் என்பதால், ஊரோடு பேச எனக்கு வாய்த்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, கூண்டின் கதவு மூடும்போது அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் இறந்த செய்தி முந்தின நாள் மாலையே வந்துவிட்டது. வேலை பார்த்த தோல் ஷாப்பில், அந்தத் தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் அடைப்பு எடுக்க இறங்கியவர், விஷவாயு தாக்கி மேலே வரவில்லை.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். கேட்டரிங் படிக்க வைத்ததும் அவர்தான். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு அரித்த விரல்களில் குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். "தொர ஊட்டு சாப்பாடு" என்று அண்ணி கிண்டல் செய்வார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து எனக்குச் சோறு போட்டவர் அண்ணி. என்னைக் கூப்பிடுவதே 'தம்பி' என்றுதான்.

"தம்பி, ஆஸ்பத்திரிலதான் கீறோம்" என்றார். "கால் தவறி உழுந்துட்டாருன்னு எழுதி ஷாப்புக்காரங்க எங்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க. அவரு உழல தம்பி. மாஸ்க் கூட குடுக்காம எறங்கச் சொல்லிருக்காங்க. கூட நின்னவங்க சொன்னாங்க. கேஸ் எழுதாம பாடிய வாங்க மாட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. தோல் ஷாப் சூப்பர்வைசர். "தம்பி, நீ வெளிநாட்ல கீற, வெவரம் தெரிஞ்சவன். கேஸுன்னு போனா வருசக்கணக்கா பேஜாரு. எங்க ஷூ யூனிட்ல அண்ணிக்கு வேலை போட்டுத் தர்றோம். நீ சொன்னா கேப்பாங்க."

கூண்டு இரண்டாவது தூணைத் தாண்டிக் குலுங்கியது. வழக்கு என்றால் நான் போயாக வேண்டும். சீசன் நடுவில் போனால் வேலை போகும்; வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். அண்ணி தனியாக அலைய முடியாது என்று பிற்பாடு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் முதலில் நினைத்தது என் அனுமதியைத்தான்.

போன் அண்ணியிடம் திரும்பி வந்தது. "நீ இன்னா சொல்ற தம்பி?"

"கையெழுத்து போட்டுடுங்க அண்ணி."

"சரி" என்றார். போனை வைத்துவிட்டார்.

இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பாட்டி கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆங்ஸ்ட்?" என்று கேட்டார். பயமா என்று அர்த்தம். உயரத்தைக் கண்டு பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். கீழே பார்க்காதே, மலையைப் பார் என்று சைகை காட்டி ஒரு மிட்டாயும் கொடுத்தார். அண்ணன் செத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு அவருடைய மொழியில் வார்த்தை தெரியும். சொல்லவில்லை. ஆமாம், பயம் என்று தலையாட்டினேன். பொய்யும் இல்லை. அன்று மதியம் குஜராத்திலிருந்து வந்த கூட்டத்துக்குப் பூரி பொரித்தேன். நான் எண்ணெய்ச் சட்டிமுன் நின்ற நேரத்தில் அங்கே அண்ணனை எடுத்துவிட்டார்கள்.

கோடையில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். வாசலில் அண்ணி, "வாங்க" என்றார். அந்த மரியாதை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பி என்று மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில், ஷூ யூனிட் வேலைக்குப் புறப்பட்ட அண்ணியோடு மாதனூர் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். "அண்ணி, அன்னிக்கு நான் அப்பிடி சொல்லிருக்கக் கூடாது" என்றேன்.

"கையெழுத்து போட்டது நான்தான. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கம்பெனி பஸ் வந்தது. டிபன் பைகளோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். அண்ணியும் ஏறினார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நான் படியருகிலேயே நின்றேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், நீங்க கம்பெனி ஆளா? இல்லன்னா கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

இந்த ஊர்க்காரன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரமாக நகர்ந்தேன். ஜன்னலோரம் இருந்த பெண்கள் யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல என் சட்டையையும் ஷூவையும் பார்த்துக்கொண்டே போனார்கள். அண்ணி பார்க்கவில்லை.