அப்பா எண்ணிய பூநாரைகள்

அன்று கடலோரச் சேற்றுத் திட்டில் நானும் அப்பாவும்தான் இருந்தோம். என்னோடு சேர்ந்து பறவைகளை எண்ண வேண்டிய வகுப்புத் தோழன் வரவில்லை. கடைசி நேரத்தில் அவனுக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். ஆசிரியை இதற்கெல்லாம் வருவதில்லை. தாளில் இருப்பதைத்தான் பார்ப்பார்.

பகலில் எனக்கு வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் ஸ்டோர் வேலை. மாலையில் சமுதாயக் கல்லூரியில் வனவிலங்கும் இயற்கை வளமும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே நான்தான் முதலில் முடித்தேன். களப்பயிற்சித் தாளை அந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பருவமே போய்விடும். ஒரே கூட்டத்தை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கேட்காமல் எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்த யாரையும் கூட்டிப் போகலாம் என்றார் ஆசிரியை. வெல்டர் வேலையில் இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார்.

"கொக்கு எண்ணவா காலேஜு வச்சிருக்கான்?"

"கொக்கு இல்லப்பா, பூநாரை."

"சரிங்க ஆபீசர்."

சட்டைப்பை நிறைய இரும்பு நட்டு கொண்டுவந்திருந்தார். பத்துப் பறவைக்கு ஒரு நட்டு இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போகும், மிச்சம் விரலில். எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. அவரும் அதையே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆசிரியை தாளைத் திருப்பிக் கொடுத்தார். மேய்ந்துகொண்டே நகரும் இத்தனை பறவைகளை இரண்டு பேர் இம்மி பிசகாமல் எண்ண முடியாது, மறுபடி போ, இதுதான் கடைசி வாய்ப்பு என்றார்.

ரூமுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு நானூத்தி அறுவது வந்துச்சுய்யா. நீ எழுதுனத எட்டிப் பாத்தேன். படிச்ச புள்ள, நீ தப்பா எண்ணுவியா? எனக்குத்தான் கண்ணு பிசகிருச்சுன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

"உங்க கணக்குதாம்ப்பா வேணும். தப்பா இருந்தாலும்."

"தப்புக்கும் மார்க்கு உண்டா? நல்ல காலேஜுதான், போ."

அடுத்த ஞாயிறு இருபதடி தள்ளி நின்றுகொண்டார். எண்ணி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு நானூற்று இருபத்தொன்று. அவருக்கு நானூற்று முப்பத்தேழு. இரண்டாவது எண்ணியவர் என்ற இடத்தில் தன் பெயரை அவரே எழுதினார், நெடுநேரம் எடுத்தது.

தாளை ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக அப்பா விட்டது இரண்டு ஞாயிறு ஓவர்டைம், போக வர நான்கு டாக்ஸி: எல்லாம் சேர்த்து இருநூற்று எண்பது திர்ஹம்.