வெப்பாலைக் கிளையில் காயாத பால்

சொன்னால் சிரிப்பீர்கள். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸை மூடினோமா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பேன், அந்தப் பயம் வேறு. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான், ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து பச்சைமலைக்கு வெளியூர்க்காரர்களை முதன்முதலில் நடத்திக் கூட்டிப்போனவர் கதிரேசன் அண்ணன். ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியாத சுனைகளைத் தனியாகத் திரிந்து கண்டுபிடித்தவர். எனக்கும் அதே தொழில்தான், பத்து வருடமாக. ஆனால் போன் பண்ணுகிறவர்கள், “கதிரேசன் சார் வரமாட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசுவார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் ‘எனக்குப் பிடித்த மனிதர்’ என்று கட்டுரை எழுதினாள், அவரைப் பற்றி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மலையில் ஒரு வழக்கம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், போகக் கூடாத பாதையின் குறுக்கே பச்சைத் தழையை வெட்டிப் போட்டு மேலே ஒரு கல்லை வைப்போம். கதிரேசன் அண்ணன் கூட்டத்தின் கடைசி ஆளோடுதான் நடப்பார், முன்னால் போகிறவர்கள் தழையைப் பார்த்துப் போய்க்கொள்வார்கள். அதற்காக முந்தின நாளே ஏறி வைத்துவிட்டு வருவார். எப்போதும் வெப்பாலைக் கிளைதான், வெட்டின இடத்தில் பால் வடிந்து கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். காம்பில் கத்தியால் இரண்டு கீறல் இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து ஒரு பஸ் கூட்டம் அவரோடு ஏறுவதாக இருந்தது. நான் விடிந்ததும் தனியாக ஏறினேன். பாதை பிரிகிற இரட்டைப் பாறையில், முள்ளுக்காட்டுக்குப் போகிற வலது பாதையை மூடியிருந்த அவருடைய கிளையை எடுத்து, சுனைக்குப் போகிற இடது பாதையில் போட்டேன். நாலு பேர் முள்ளுக்காட்டில் அலைந்து திரும்பட்டும், அவர் பெயர் கொஞ்சம் கெடட்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. சத்தியமாக.

மேலே ஏறி ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததுமே கவலை பிடித்துக்கொண்டது. முள்ளுக்காட்டுக்கு அப்பால் பள்ளம். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால்? எழுந்து ஓடினேன். அதற்குள் மூடுபனி இறங்கி, என் கையே எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் நடந்த மலையில் வழி தவறிவிட்டேன்.

காலில் ஏதோ தட்டியது. குனிந்து தடவினேன். வெப்பாலைக் கிளை, மேலே கல், காம்பில் இரண்டு கீறல். வெட்டின இடத்தில் பால் வடிந்து விரலில் ஒட்டியது. மறுபக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. எனக்குச் சற்று முன்னால் யாரோ வெட்டி வைத்துக்கொண்டே இறங்குவது போல. மூன்றாவது கிளைக்கு அந்தப் பக்கம் என் கால் பட்டு ஒரு கல் உருண்டது, அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. நம்புங்கள், அந்த நேரத்திலும் இந்தப் பனியில் எப்படி வெட்டினார் மனுஷன் என்று பொறாமைதான் வந்தது. “அண்ணே!” என்று கத்தினேன். கிளை கிளையாகத் தடவிக்கொண்டே இறங்கினேன்.

அடிவாரத்தில் செல்லம்மா அக்காவின் டீக்கடையில் போய் விழுந்தேன்.

“என்னா சேகரு, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்கு?”

“கதிரேசன் அண்ணன் கூட்டம் மேலதானக்கா இருக்கு?”

“எங்க மேல போச்சு! அவரு விடியக்காலையிலயே வண்டி சறுக்கி முட்டி பேந்துபோயி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில கெடக்காரு. வந்த பஸ்ஸு அப்புடியே திரும்பிடுச்சு. ஒனக்குத்தான் சந்தோசமாச்சே, ஒரு டீ கூட சேத்துக் குடி!”

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: “வா தம்பி. எறங்கயில வழி சரியா இருந்துச்சா?”

செல்லம்மா அக்கா போனில் சொல்லியிருப்பாள் என்பீர்கள். இருக்கலாம். நான் கேட்கவில்லை. கிளையை மாற்றி வைத்ததையும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவரால் மலை ஏற முடிவதில்லை. கூட்டமெல்லாம் என்னிடம்தான் வருகிறது. முந்தின நாள் தழை வைக்க நான் இரட்டைப் பாறைக்குப் போனால், எனக்கு முன்பே வலது பாதையில் ஒரு வெப்பாலைக் கிளை, மேலே கல்லோடு கிடக்கும். மறுநாள் கூட்டத்தோடு ஏறும்போதும் பால் காய்ந்திருக்காது.

போன வாரம் வந்த ஒரு பெண், “எவ்ளோ பத்திரமா வழி வெச்சிருக்கீங்கண்ணா! எல்லாம் நீங்களேவா?” என்று கேட்டது.

ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கிளை மேலிருந்த கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பனியில் நனைந்து கிடந்த பாறைகளுக்கு நடுவே, அது மட்டும் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது.